நல்லா இருக்கேன்னு சொல்லிடு

"நேத்து அவ்வளவு நேரம் பேசினது மனசுக்கு இதமா இருந்துச்சுப்பா" என்று மகள் சொன்னபோது, ஓட்டுநர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் உற்றுப் பார்த்தார். நேற்று அவர் பேசவே இல்லை. மத்தியானம் மாத்திரை போட்டுப் படுத்தவர், இருட்டிய பிறகுதான் கண் விழித்தார். ஆனால் அவள் குரலில் அத்தனை சந்தோஷம். அதைக் கெடுப்பானேன் என்று "ஆமாம்மா" என மழுப்பிவிட்டார்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். மனைவி போன பிறகு தனிக்கட்டை. மகள் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். தினமும் நாலு மணிக்கு, டீ குடிக்கிற இடைவெளியில் கூப்பிடுவாள். ஹால் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பெட்டியும் அவள் வாங்கி வைத்ததுதான். வீட்டின் விளக்கு, கதவு, போன் எல்லாம் அதன் பொறுப்பு. அவர் எத்தனை தடவை இருமுகிறார் என்றுகூட எண்ணிக்கொண்டிருக்கும்.

பெட்டியைப் பொருத்த வந்த டெக்னீஷியன், ஐயாவின் குரல் அதற்குப் பழகட்டும் என்று இரண்டு பக்கம் படிக்கச் சொன்னான். அவருக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் போகவேண்டும் என்றும் கேட்டான். ஓட்டுநருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கம்பக்கத்தில் யாரையும் கூட்டக் கூடாது, மானம் போகும். மகள் டூட்டியை விட்டுவிட்டு ஓடிவருவாள், அவளிடம் எதுவானாலும் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டாப் போதும் என்றார். வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். வழியில் காய்ச்சல் கண்டால், வீட்டுக்குப் போன் போட்டு டிரிப் அதிகம் என்று சொல்லும்படி கண்டக்டரிடம் சொல்லிவிடுவார். ஒரு நாள் நெஞ்சு வலித்தது. அன்றைக்கும் அதையேதான் சொன்னார். கண்டக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்கும் ஆள் அனுப்பினான். அதனால்தான் பிழைத்தார்.

போனை வைத்ததும் பெட்டியிடம் கேட்டார். "நேத்து அவகிட்ட யார் பேசினது?"

"நான்தான் ஐயா. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. உங்க குரல்லயே பேசினேன்."

இனிமேல் அவள் கூப்பிட்டால் தன்னை எழுப்பவேண்டும் என்றார்.

"நீங்க நல்லா இருந்தா எழுப்பறேன் ஐயா" என்றது பெட்டி. எவ்வளவு மரியாதை!

மறுநாள் விடிந்ததிலிருந்தே உடம்பு சரியில்லை. நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமித் தொண்டை கம்மிப்போயிருந்தது. நாலு மணிக்குச் சமையலறையில் டீ போட்டுக்கொண்டு நின்றார். பால் காயும் வாசனையோடு தைலத்தின் காரநெடியும் கலந்திருக்க, ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்க, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் மெல்ல மெல்ல நீண்டு சுவரைத் தொட, போன் மட்டும் அடிக்கவே இல்லை. நாலு ஐந்து. நாலு எட்டு. அவளுக்கு இன்றைக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஹாலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவர் செருமுகிற மாதிரியே. முதலில் சின்னதாக ஒன்று, அப்புறம் நீளமாக ஒன்று.

"சொல்லும்மா" என்றது அவர் குரல். இருமல் இல்லாத, தெளிந்த குரல்.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். தரையில் ஈரம். கால் வழுக்கியது. இடுப்பில் எதுவோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அதன் பிறகு இடது காலை அசைக்க முடியவில்லை.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. கேஸ் வாடை.

"லீவு கிடைச்சிருக்குப்பா" என்று மகளின் குரல் ஹாலில் நிறைந்தது. "ராத்திரியே கிளம்பி வரட்டுமா? என்னமோ மனசே சரியில்ல."

வா. வாம்மா. கம்மிய தொண்டை திறக்கவில்லை.

"எதுக்கும்மா அலைச்சல்? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நிஜமா?"

"உன் தலைமேல சத்தியமா."

அவள் தலைமேல் அவர் ஒருநாளும் சத்தியம் செய்ததில்லை. கையை ஊன்றினார். உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினார். "அம்மாடி!"

"என்னப்பா சத்தம்? யாரோ கத்தற மாதிரி?"

கேட்டுவிட்டது. அவளுக்குக் கேட்டுவிட்டது. அழுகை வந்தது அவருக்கு.

"டிவிம்மா. இரு, குறைச்சிடறேன்."

சமையலறைக் கதவு நகரத் தொடங்கியது. அவசரமே இல்லாமல். அவர் உடம்பை இழுத்தார். ஒரு சாண். இன்னொரு சாண். இடுக்கில் விரல்களை நீட்டினார்.

கதவு நிற்கவில்லை.

அப்பால், அவர் குரல், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று அக்கறையாக அவளை விசாரித்துக்கொண்டிருந்தது.