லென்ஸில் ஒரு துளி

அந்த அலறல் ஏழாவது மாடியில் புறப்பட்டு, தரையில் முடிந்தது.

கூட்டம் கூடியது. யாரோ போர்வை கொண்டுவந்து அவளை மூடினார்கள். மேலே பால்கனிக் கொடியில் துணிகள் ஈரத்தோடு ஆடிக்கொண்டிருந்தன.

தூறலில் துணி எடுக்கப் போனவள் வழுக்கி விழுந்திருக்கிறாள்... போலீஸுக்கு வேலை சுலபம்.

கணவன்?

ஊரின் மறுகோடியில், ஒரு மொட்டை மாடியில், காமிராவும் கையுமாக இருந்தானாம். சாட்சி, சூரியன்.

நண்பர்கள் அவனை 'சன்செட்' என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட வரிசைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் படம் பிடிப்பதில், வானத்தையே குத்தகைக்கு எடுத்தவன். அன்று எடுத்த அத்தனை படங்களையும், வெயில் இருந்ததிலிருந்து விளக்கு எரிந்தது வரை, தானே கொண்டுபோய்ப் போலீஸிடம் கொடுத்தான். மேகமும் தூறலும் அன்றைய மாலையுடன் அச்சாகப் பொருந்தின.

ஃபைல் மூடத் தயாரானது.

ஒருத்தி மட்டும் மூட விடவில்லை. செத்தவளின் தங்கை. விளம்பரக் கம்பெனியில் போட்டோகிராபர். அந்தப் படங்களைப் போலீஸிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

சில நாள் கழித்து, அதே மொட்டை மாடி. அதே அந்தி.

ட்ரைபாடை விரித்துக்கொண்டிருந்த சன்செட் நிமிர்ந்தான்.

"மச்சினியா? வா. ஓரமா நில்லு."

"அதுக்குள்ள சூரியன் கூப்பிட்டுருச்சா, அத்தான்?"

"துக்கத்த மறக்க வேண்டாமா?"

"மறக்கறதுக்கு முதல்ல வரணுமே."

அவன் சிரித்தான். "நேரா விஷயத்துக்கு வா. அந்த ரெட்டை டவருக்கு நடுவுல இப்ப இறங்கிடும். எனக்காகக் காத்திருக்காது."

"நீங்க மட்டும் எதுக்குக் காத்திருக்கணும்? காமிரா தானா எடுத்துக்குமே."

அவன் கை நின்றது.

"என்ன உளர்றே?"

"நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு செட் பண்ணிட்டா ஆளே வேணாம். வெளிச்சம் குறையக் குறைய அதுவே சரி பண்ணிக்கும். நீங்க வீட்டுக்குப் போய், வேலைய முடிச்சுட்டு, சாவகாசமா வந்து பெட்டிய மூடியிருக்கீங்க."

"எவனும்தான் அப்படி செட் பண்ணுவான். பண்ணிட்டு பக்கத்துல நின்னு டீ குடிப்பான். நான் நிக்கலன்னு யார் சொன்னா?"

"லென்ஸ் சொல்லுச்சு. தூறல்ல ஒரு துளி விழுந்திருக்கு, சரியா சூரியன் இறங்கற இடத்துல. அதுக்கப்புறம் எடுத்த படத்துல எல்லாம் அதே துளி, அதே இடம். கடைசியில தானா காயுது."

"அதனால?"

"லென்ஸ்ல ஒரு தூசி உக்காந்தா வீட்டையே திட்டித் தீக்கற ஆளு நீங்க. ஒரு வாரமா வந்து இடம் பாத்து, திசை பாத்து, ப்ளான் போட்ட படம். தூறல் விட்டதும் வானம் அப்படிச் சிவந்து நிக்குது. பாக்கெட்ல துணி. பக்கத்துல இருந்திருந்தா துடைக்காம விட்டிருப்பீங்களா?"



இணையத்தில் போட்ட படத்தில் அந்தத் துளியை அவன் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டான். போலீஸிடம் கொடுத்தவற்றில் கைவைக்க முடியாது. கைவைத்தால் படம் சாட்சியாக நிற்காது.

குரலைத் தணித்துக்கொண்டான். வியாபாரக் குரல்.

"உங்க அக்கா பேர்ல இருக்கற ஃப்ளாட்... பாதி உனக்கு. என்ன சொல்றே?"

"அந்த ஃப்ளாட்டுக்காகத்தான் அவளைக் கொன்னீங்களா? பேரத்த வேற கடையில பாருங்க."

"ஒரு சொட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு கோர்ட்டுல என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண முடியாது. அதனாலதான் இங்க வந்தேன்."

சன்செட் மாடிப்படிக் கதவைப் பார்த்தான். மூடியிருந்தது. மெல்ல நெருங்கினான்.

அவள் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். நகரவில்லை.

"பயமா இல்ல?"

"எனக்கா? உங்களுக்குத்தான் வேர்க்குது."

"அவளும் இப்படித்தான் வாயடிச்சா. பால்கனிக் கம்பி வரைக்கும்..."

அவன் கைகள் அவள் கழுத்தில் விழுந்தன. அவளைச் சுவருக்கு மேல் வளைத்தான். அவள் கண்ணை மூடவில்லை. அவனையே முறைத்தாள்.

கதவு படாரென்று திறந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். பின்னால் இன்ஸ்பெக்டர்.

"சார், குதிக்கப் பாத்தா. காப்பாத்தினேன்," என்றான் சன்செட், கொஞ்சமும் கூசாமல்.

"கழுத்தப் பிடிச்சா?"

"நீங்க கதவுக்குப் பின்னாடி இருந்தீங்க. என்ன பாத்தீங்க? அவ பேச்சு ஒண்ணு, என் பேச்சு ஒண்ணு. எது செல்லும்?"

அவள் இருமினாள். பிறகு, துப்பட்டாவில் குத்தியிருந்த குட்டி மைக்கைக் கழற்றி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள்.

"பேச்சு இதுல இருக்கு, அத்தான். படம் வேணும்னா கிழக்கால திரும்புங்க. அந்திக்குப் படம் எடுக்கறவங்க யாரும் முதுகுப் பக்கம் பாக்கறதே இல்ல."

திரும்பினான்.

பின்னால் இருந்த கட்டடத்தின் ஜன்னலில் நீளமான லென்ஸ் ஒன்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"இத்தனை வருஷம் நீங்க ஊரைப் படம் எடுத்தீங்க," என்றாள் மச்சினி, கழுத்தைத் தடவிக்கொண்டே. "இன்னிக்கு ஊரு உங்கள எடுக்குது. கொஞ்சம் சிரிங்க, அத்தான்."