உள்ளே இருப்பவள்

திரையில் டெல்பினின் பெயர் இரண்டு முறை இருந்தது.

துறைமுகச் சாலையில் உப்புக் கிடங்குக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அவள் ஒருத்திதான் இருந்தாள். மழைக்கு முந்தின இருட்டு ஜன்னலில் அப்பியிருக்க, கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் ஓய்ந்த இடைவெளிகளில் ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டும் ஓசை கேட்க, எங்கிருந்தோ ஒரு வாடை ஏறி வந்தது. கருவாட்டு வாடை அந்தத் தெருவுக்குப் பழக்கம். இது அழுகும் சிப்பிச் சதையின் வாடை.

கரையும் படகுகளும் மற்றவர் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேசிக்கொள்ள உதவும் மென்பொருள் லைப்ரரி ஒன்றைப் பராமரிப்பது அவள் வேலை. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் தன் ரகசியச் சாவியைக் காட்ட வேண்டும். ஒரே சாவியோடு இரண்டாவதாக ஒருவர் வந்தால் கதவைத் திறக்காதே என்று அதில் நாலு வரி நிரல் இருந்தது. வேலைக்கு இடைஞ்சல் என்று காலையில்தான் அவள் அதை நீக்கி, எல்லாப் படகுகளுக்கும் அனுப்பியிருந்தாள்.

ஒரு டெல்பின் இந்த மேசையில். இன்னொரு டெல்பின், கடலுக்குள் சிப்பி விளையும் முத்துப்பாருக்கு அருகே நின்ற இழுவைப் படகில். அவள் கணவன் டெரன்ஸ் வேலை பார்க்கும் படகு அது.

அவள் சாவியோ இந்தக் கணினியைத் தாண்டிப் போனதே இல்லை.

அந்த நாலு வரியை எழுதிய அமலன் போன வருஷமே வேலையை விட்டு நாசரேத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீங்க எழுதின அந்த நாலு வரிய எடுத்துட்டேன். இப்ப எம்பேர்ல இன்னொரு ஆளு உள்ள இருக்கு."

அமலன் குரலைத் தாழ்த்தினார்.

"கடல்லேருந்தா வருது?"

"ஆமா."

"திரும்பப் போடும்மா. இப்பவே போடு. அதுகிட்ட ஒண்ணும் கேக்காத."

வரிகளைப் பழையபடி சேர்த்து அனுப்பினாள். இணைப்புகள் எல்லாம் ஒருமுறை அறுந்து, ஒவ்வொன்றாக மீண்டன. வாடை இப்போது அறைக்குள்ளேயே இருந்தது.

ஒரு டெல்பின்தான் மிச்சம்.

படகில் இருந்தவள்.

இவள் திரையில் ஒரே வாசகம். 'இந்தப் பெயருக்கு உரியவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.'

மறுபடி தட்டினாள். அதே வாசகம்.

மறுபடி.

போன் அதிர்ந்தது. டெரன்ஸ். வீடியோ.

படகின் சின்ன அறை. வெளிறிப்போன அவன் முகம்.

"ஏளா, நீ எங்கன இருக்க?" கிசுகிசுத்தான்.

"ஆபீஸ்லதான். என்னங்க, என்னாச்சு?"

"அப்ப மேல, டெக்குல நிக்கது யாரு?"

அவன் தோளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது.

சத்தமில்லை.

பச்சைச் சுடிதார். அவள் இப்போது உடுத்தியிருப்பது. அவள் முகம். அவள் நெற்றித் தழும்பு.

"என்னங்க, பின்னால..."

அது குனிந்து தன் கன்னத்தை டெரன்ஸின் கன்னத்தோடு வைத்தது. திறந்த வாயிலிருந்து கடல்நீர் அவன் சட்டையில் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.