இரண்டாவது ஒன்று இருபது

டீக்கடை பாய்லரின் இரைச்சல் நின்றுபோனதைத்தான் சுகுமார் முதலில் கவனித்தார். ஆவி மட்டும் வழக்கம்போல் மேலே போய்க்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. பங்குனி வெயில் தகரக் கூரையைக் காய்ச்சி எடுக்கிற அந்த மத்தியானத்தில், எங்கிருந்தோ ஏரிச் சேற்றின் வாடை வேறு குளிர்ச்சியாக வந்து மூக்கில் ஏறியது. காதில் ஏதோ அடைப்பு என்று சுண்டுவிரலை விட்டுக் குடைந்துகொண்டார். பாவம், அந்த மனுஷனுக்கு அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

உத்திரமேரூர் பழைய ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு அவர்தான் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பலாம் என்று விசில் ஊதுகிற வேலை. ஒரு நிமிஷத்துக்காக டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்ட காலம் உண்டு. அதற்குப் பிறகுதான் முதலாளிகள் உட்கார்ந்து பேசி, செல்போன் நேரம் செல்லாது, சுகுமாரின் அறை வாசலுக்கு மேலே தொங்குகிற பெரிய கடிகாரம் காட்டுவதே நேரம் என்று முடிவு கட்டினார்கள். அந்தக் கடிகாரத்தின் கண்ணாடி உடைந்து வருஷமாகிறது. ஸ்டூல் போட்டு ஏறினால் முள் கைக்கு எட்டும்.

எட்டியதுதான் வினையாகிப் போனது. மகள் வளர்மதிக்குப் பிளஸ் டூ பரீட்சை. தாயில்லாத பெண். ஒன்றேகாலுக்குப் பரீட்சை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தாலும் ஒன்றரை ஆகிவிடும். வீட்டுக்குப் போகிற மானாம்பதி பஸ் ஒன்று இருபத்தைந்துக்கு. அதை விட்டால் நாலு மணிக்குத்தான். அதுவரை டிரைவர்கள் சீட்டாடுகிற அறையில் வயசுப் பெண்ணை உட்காரவைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால் பரீட்சை நாட்களில், ஒன்று இருபத்துநாலு ஆனதும் ஸ்டூலில் ஏறிப் பெரிய முள்ளை ஐந்து நிமிஷம் பின்னால் தள்ளிவிடுவார். மானாம்பதி வண்டி டிரைவர் வெங்கடேசன் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். வண்டி போனதும் முள்ளைச் சரிசெய்துவிடுவார். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் பரீட்சையன்று பாய்லர் அடங்கியதோடு சரி. இரண்டாம் பரீட்சையன்று, ஒன்று இருபது இரண்டாவது முறை வந்தபோது, ஸ்டாண்டுக்குள் ஒரு பஸ் நுழைந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. புழுதி கிளம்பவில்லை. நெற்றியில் ஊர்ப் பெயர் இல்லை. உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தார்கள்; அந்தப் புழுக்கத்திலும் ஒருவர்கூட விசிறிக்கொள்ளாமல் நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சுகுமார் திரும்பி டீக்கடையைப் பார்த்தார். மீரான் மைதீன் பாய் தூக்கி ஆற்றிய டீ, குவளைக்கும் கிளாஸுக்கும் நடுவில் அப்படியே நின்றிருந்தது. ஸ்டாண்டில் இருந்த ஒருவரும் அசையவில்லை. முள் மறுபடி இருபத்துநாலைத் தொட்டதும் பஸ் போய்விட்டது. பாய்லர் இரைந்தது.

அவர் பாயிடம் கேட்டார், இப்போது ஒரு வண்டி வந்து போனதே என்று.

"எந்த வண்டி? மானாம்பதி பஸ்ஸு அங்கியேதான் நின்னுக்கினு கீது," என்றார் பாய். "உனுக்கு வெயிலு தலைக்கு ஏறிப்பூட்ச்சு சுகுமாரு. மோர் குடி."

மூன்றாம் பரீட்சையன்று மறுபடி வந்தது. முன்பே ஸ்டாண்டில் இருந்தவர்கள்தான் அசைவற்று நின்றார்களே தவிர, வெளியிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்த பூக்காரி சொக்கம்மாள் சாதாரணமாக நடந்தாள். கூடையைத் தூண் ஓரமாக வைத்தாள். யாரோ தெரிந்தவர் கூப்பிட்டதுபோல் தலையாட்டிவிட்டு அந்தப் பஸ்ஸில் ஏறினாள். சுகுமார் கத்தினார். குரல் அவர் காதுக்கே கேட்கவில்லை. அதன் பிறகு சொக்கம்மாளை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை கூடைக்குள், ஈரத் துணிக்கு அடியில், அவளுடைய செல்போன் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது.

இனி முள்ளைத் தொடுவதில்லை என்று அன்று ராத்திரி முடிவு செய்தார். மகளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

"நாளைக்கு அடுத்த பரீட்சை. யார் வண்டியிலயாவது ஏறி சீக்கிரம் வந்துரும்மா," என்றார்.

"என் கிளாஸ் சனோபரோட வாப்பா ஸ்கூட்டர்ல இட்டாறேன்னு சொல்லிக்கீறாரு நைனா. நீ பேஜார் பண்ணிக்காத."

மறுநாள் அவர் ஸ்டூலை அறைக்குள் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி வெயிலில் நின்றார். ஒன்று இருபத்துமூன்று. இருபத்துநாலு. விசிலை உதட்டில் வைத்தார். முள் நின்றது. லேசாக நடுங்கியது. பிறகு, யாரும் தொடாமலே, ஒவ்வொரு கோடாகப் பின்னால் நகர்ந்து பத்தொன்பதில் போய் நின்றது.

பாய்லர் அடங்கியது. சேற்று வாடை. குளிர்.

பஸ் வந்தது. வெங்கடேசனின் வண்டியை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது.

ஸ்டாண்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்று திரும்பிப் போனது. வளர்மதி பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பஸ் கிடைத்துவிட்ட சந்தோஷம் முகத்தில். அவர் விசிலை ஊதினார். காற்றுதான் வந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். அவள் ஏறிவிட்டாள். பின்னாலேயே படியில் கால் வைத்தார். கால் பதிய அங்கே படி இல்லை. பக்கவாட்டுத் தகரத்தை அடித்தார். கை வெறும் குளிரில் போய்வந்தது.

இருபத்திரண்டு.

இருபத்துநாலானால் கிளம்பிவிடும்.

அறைக்குள் பாய்ந்து ஸ்டூலை இழுத்தார். ஏறினார். இருபத்துமூன்றைத் தாண்டிவிட்ட முள்ளை இரண்டு கையாலும் பிடித்தார். பின்னால் தள்ளினார். வரவில்லை. நிறுத்தத்தான் முடிந்தது. தகர முள் உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் முழங்கை வழியாக இறங்கியது. விடவில்லை. மகளே, இறங்கு. இறங்கும்மா. சத்தமே இல்லாமல் கதறினார்.

பஸ்ஸுக்குள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் திரும்பினார்கள். சொக்கம்மாள் திரும்பினாள். அவளுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், வளர்மதி.

வளர்மதியும் திரும்பினாள். அப்பாவைப் பார்க்கவில்லை. எல்லோரையும்போல் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னுமா ஆகவில்லை என்று சலித்துக்கொள்கிற முகம்.

அவர் கைக்குள் முள் ஒரு கோடு நகர்ந்தது.