அடியறிபுல்

நகரத்தில் மதில் கட்டுவதை எல்லோரும் நிறுத்திவிட்டிருந்தார்கள். அடியறிபுல் நட்டால் போதும். தெரிந்த கால் பட்டால் மெத்தைபோல் படுத்துக்கொள்ளும். தெரியாத கால் பட்டால், புல்தாளில் ஓடும் மணற்சத்து நொடியில் இறுகி, ஒவ்வொரு தாளும் ஊசியாகிச் செருப்பையும் துளைக்கும்.

பொன்வயல் குடியிருப்புக்கு அது தேவைப்பட்டது ஒரே காரணத்துக்காக. பின்புறத் தகரக் கொட்டகைகளிலிருந்து வேலைக்குப் போகும் பெண்கள், பேருந்து பிடிக்கக் குடியிருப்பின் மைதானத்தைத்தான் கடந்தார்கள். அந்தப் பாதையில் மதில் எழுப்ப நீதிமன்றம் தடை போட்டிருந்தது. புல் வளர்க்கத் தடை இல்லை.

நடவுக்கு வந்தவர்களும் அதே பெண்கள்தான்.

"எங்க வழிய அடைக்க எங்களையே கூப்ட்டிருக்கீங்களே, கூசலையா சார்?" சேற்றில் நின்றபடி பவுனம்மாள் கேட்டாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலம் நடைபாதையை விட்டு இறங்கவில்லை. "கால்வாய்ப் பக்கமா சுத்திப் போங்களேன். நடந்தா உடம்புக்கு நல்லது. இந்த வேலை வேணாம்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்."

"வேணாம்னு சொல்ற நெலமையிலயா வச்சிருக்கீங்க?"

கொடியைக் கணுக்கணுவாக நறுக்கி ஈரமண்ணில் சாய்த்துச் செருகினார்கள். செருகிய இடத்தைக் குதிகாலால் மிதித்து இறுக்க வேண்டும். உள்ளே காற்று நின்றால் கணு வேர்விடாமல் காய்ந்துவிடும். பவுனம்மாள் மிதித்த மிதியில் சேறு இடுப்புவரை தெறித்தது.

"ஏம்மா, புல்ல இப்படியா மிதிக்கறது?"

"புல்ல மிதிக்கல சார்."

மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

புல் நிறுவனத்தின் பொறியாளர் நிலோபர் வந்து பார்த்துப் பதறினாள். "சார், வேர் பிடிக்கற வரைக்கும் வீட்டுக்காரங்க எறங்கி வெறுங்காலால மிதிக்கணும்னு கூட்டத்துலயே சொன்னேனே?"

"சேத்துலயா? எங்க ஆளுங்களா?" தணிகாசலம் சிரித்தார். "மிதிக்கணும், அவ்வளவுதானே? இவங்க நல்லாவே மிதிக்கறாங்க."

புல் பச்சைக் கம்பளமாக மூடிய காலையில் குடியிருப்பே திரண்டது. வெறுங்காலில் புல்நடை நடந்து திறப்பதாக ஏற்பாடு. முதல் அடியைத் தணிகாசலம் வைத்தார். அலறிக்கொண்டு பின்னால் விழுந்தவரின் பாதத்தில் ரத்தப் புள்ளிகள்.

அவர் கண்ணெதிரே பவுனம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்தாள். அவள் காலடியில் புல் படுத்துப் படுத்து எழுந்தது. அவள் பின்னாலேயே மற்ற பெண்களும் போனார்கள்.

"வேர் விடறப்போ எந்தக் கால் வேர்வை மண்ணுல எறங்குதோ, அந்தக் காலத்தான் அது ஞாபகம் வச்சுக்கும்!" நிலோபர் பொரிந்து தள்ளினாள். "ஒரு கூட்டத்துலகூட முழுசா கேக்க மாட்டீங்களா? வேர் பிடிச்ச பிறகு மாத்தவும் முடியாது!"

"அப்ப அழிச்சுடறோம்."

"சார், மிஷின் மட்டும் விடாதீங்க..."

அதையும் அவர் கேட்கவில்லை. அன்றைக்கே வெட்டுப்பொறியை இறக்கினார். புல் நுனியிலிருந்து வளர்வதில்லை, அடியிலிருந்தும் கணுவிலிருந்தும் வளர்வது. பொறி ஒவ்வொரு கொடியையும் துண்டாக்கி நாலா திசையிலும் வீசியது. துண்டுக்கு ஒரு கணு. கணுவுக்கு அதே ஞாபகம். மழை பெய்ததும் வாகன நிறுத்தத்தில், நடைபாதைக் கல்லிடுக்கில், முன்வாசல் படியோரத்தில் எல்லாம் தளிர் விட்டது. கடைசியில், குடியிருப்புக்காரர்கள் வெளியே போக, பின்பக்கச் சிமெண்டுச் சரிவில் இறங்கிக் கால்வாயோரமாகப் போகும் வழி மட்டும்தான் மிஞ்சியது.

தணிகாசலம் முதல் மாடி பால்கனியில் நின்று கத்தினார். "பவுனம்மா! இந்தப் புல்லுல கால் வெக்க உங்களாலதான் முடியும். ஆளுங்களக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் வேரோட புடுங்கிடும்மா. கேக்கற கூலி தரேன்!"

முன்வாசல் புல்லின் நடுவே நின்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேருந்து வரும் நேரம்.

"எதுக்கு சார் புடுங்கணும்? கால்வாய்ப் பக்கமா சுத்திப் போங்க. நடந்தா உடம்புக்கு நல்லது."