முழங்கால் தண்ணீர்

வண்டியை எடுக்கப் போனபோது தங்கப்பாண்டி சொன்னதில் ஒரு வார்த்தை உதைத்தது. அந்த இடத்தில் மெல்வினுக்கு அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் தெரிந்தது.

தங்கப்பாண்டி எட்டயபுரம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகலாம், மாமியார் வீட்டுக்குப் போகலாம் என்று வாங்கிய ஏழு சீட் வண்டியை, சேற்றிலும் தண்ணீரிலும் ஓடுகிற மாதிரி மாற்றித் தரச் சொல்லி மெல்வின் அவனிடம் விட்டிருந்தான். இருபது நாளில் வண்டி ஆளே மாறியிருந்தது. பாடியை மூன்று அங்குலம் தூக்கி, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் போட்டு, ஏறுவதற்கிருந்த ஃபுட் ஸ்டெப்பைக் கழற்றியிருந்தார்கள். என்ஜின் காற்று இழுக்கும் வழியை மேலே கொண்டுபோய், முன்கண்ணாடி ஓரமாகக் கூரை வரைக்கும் கறுப்பாக ஒரு குழாய் நின்றது.

"பின்னாடி குட்டையில ரெண்டு தடவ எறக்கிப் பாத்துட்டேன் அண்ணாச்சி. பாதிக் கதவுக்குத் தண்ணி. என்ஜின் இருமக்கூட இல்ல" என்றான் தங்கப்பாண்டி. "மொத தடவ எனக்கே கொஞ்சம் பயந்தான். நீங்க அனுப்புன ஆளு முன்னால நடந்து ஆழம் காட்டுனாருல்லா, அதான் தைரியமா விட்டேன்."

மெல்வின் யாரையும் அனுப்பவில்லை. அனுப்பவில்லை என்று சொல்லவும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டான். இந்த ஒரு வருஷமாக யார் எதைச் சொன்னாலும், இரங்கலோ ஏச்சோ, அவன் இப்படித்தான் வாங்கி வைத்துக்கொள்கிறான். உள்ளே எதுவும் போவதில்லை. சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

துறைமுகத்தில் சரக்கு கிளியர் பண்ணும் ஆபீஸில் பேப்பர் தள்ளுகிற மனிதனுக்கு எதற்கு இந்தப் பூத வாகனம் என்று தெருவே சிரித்தது. எதிர்வீட்டு பிலோமினா வாசல் கூட்டிய விளக்குமாற்றோடு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, ஏறதுக்கு ஏணியும் சேத்துக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். மெல்வின் அதற்கும் சிரித்து வைத்தான்.

எதற்கென்று அவனுக்குத் தெரியும். போன டிசம்பர் வெள்ளத்தில் அவனுடைய மச்சினன் கிளைட்டன் செத்துப்போனான். மனைவி விஜிலாவின் ஒரே தம்பி, இருபத்தாறு வயசு, தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போய்வருகிற பையன். அன்று விஜிலாவுக்குக் காய்ச்சல். மெல்வினும் கிளைட்டனும் எட்டு வயது மகள் ரீனாவும் மட்டும் சாயர்புரம் பக்கம் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். வழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "ஏலே, எறங்கி முன்னால நடந்து பாரு. முழங்காலுக்கு மேல வந்தா திரும்பிருவோம்" என்றான் மெல்வின். கிளைட்டன் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, செருப்பை இடது கையில் எடுத்துக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஹார்பரில் கிரேன்காரனுக்குக் காட்டுவதுபோல இரண்டு விரலை முன்னால் அசைத்து அசைத்து நடந்தான். வரலாம் அத்தான், வரலாம். ஓர் அடியில் இருந்தான். அடுத்த அடியில் இல்லை.

மெல்வின் ஹாரன் அடித்தான். எவ்வளவு நேரம் அடித்தான் என்று தெரியாது. பிறகு ரிவர்ஸ் போட்டான். கதவைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் சீமைக்கருவேல முள்ளுக்குள் உடல் கிடைத்தது. "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவனா எறங்கிட்டான்" என்று விஜிலாவிடம் மெல்வின் சொன்னபோது ரீனா பக்கத்தில்தான் நின்றாள். அப்பாவின் வாயைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை. விஜிலா மட்டும் அடக்கம் முடிந்த வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு, "வண்டி இன்னுங் கொஞ்சம் உசரமா இருந்திருந்தா எந்தம்பி எறங்கிருக்க மாட்டானே" என்று அழுதாள். மெல்வின் அதைப் பிடித்துக்கொண்டான். குற்றம் வண்டியின் உயரத்தில் இருப்பது அவனுக்கு எவ்வளவோ வசதி. மகள் வாயைத் திறந்தால் மனைவி போய்விடுவாள், அப்புறம் மகளும் போய்விடுவாள் என்ற பயம் ஒன்றுதான் அவனுக்குள் உயிரோடிருந்தது. மற்றதெல்லாம் மரத்திருந்தது.

வண்டி வந்த மூன்றாம் நாள் மழை. ஆபீஸ் போகும் வழியில் சாக்கடையும் மழையும் கலந்து ரோட்டில் நின்றது. பைக்குகள் எல்லாம் ஓரத்தில் நிற்க, மெல்வின் வண்டியை இறக்கினான். முன்னால் ஒருவன் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தான். சுருட்டிவிட்ட பேண்ட். முதுகு. மெல்வின் ஹாரன் அடிக்கவில்லை, ஹாரனில் கை வைத்தே ஒரு வருஷம் ஆகிறது. அவன் பின்னாலேயே மெதுவாக ஊர்ந்தான். தண்ணீர் முடிந்து ரோடு தெரிந்த இடத்தில் அந்த ஆளைக் காணோம். பக்கத்துச் சந்தில் திரும்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். அந்த இடத்தில் சந்தே இல்லை, துறைமுக மதில்தான் நீளமாகப் போகிறது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

கிளைட்டனின் வருஷப் பூசை கீழவைப்பாரில். விஜிலாவின் அம்மா வீடு அங்கேதான். அவள் இரண்டு நாள் முந்தியே பஸ்ஸில் போய்விட்டாள். மெல்வின் ரீனாவைக் கூட்டிக்கொண்டு சாயங்காலப் பூசைக்கு வரவேண்டும் என்று ஏற்பாடு. பிள்ளை வண்டியில் ஏறுவாளா என்று அவன் பயந்துகொண்டிருந்தான். அவள் வெள்ளைக் கவுனும் புது ஷூவும் போட்டு வந்து, வண்டியை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இனிமே யாரும் எறங்க வேண்டாமா டாடி?"

"வேண்டாம்மா. இனிமே யாரும் எறங்க வேண்டாம்."

அவன் தூக்கி ஏற்றிவிட, பின்சீட்டில் உட்கார்ந்து தானே பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். மெல்வினுக்கு அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை.

தருவைக்குளம் தாண்டும்போது விஜிலா போன் பண்ணினாள். "இங்கன ரோட்டுல தண்ணி ஏறிட்டு. பஸ்ஸு வரல. பிள்ளையக் கூட்டிட்டு அப்படியே திரும்பிருங்க. பூசைய நாங்க பாத்துக்கிடுதோம்."

"இந்த வண்டிக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல விஜிலா."

"சொன்னாக் கேளுங்க. எனக்கு அவ ஒருத்திதான் இருக்கா."

"கொண்டாந்து சேக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். திரும்பிப் போனால் வண்டியை எதற்காகத் தூக்கினான்?

மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கம் திரும்பியதும் இரண்டு புறமும் உப்பளம். மணி நாலுகூட ஆகவில்லை, ஆனால் வானம் சாம்பலைக் கொட்டினாற்போல இறங்கி வந்து, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீராக, அந்தத் தண்ணீரும் வானத்தின் நிறத்திலேயே அசையாமல் கிடக்க, தார்ப்பாய் மூடிய உப்புக் குவியல்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை காட்டின. கண்ணாடியை ஏற்றியிருந்தும் அழுகிய பாசியின் வாடை உள்ளே வந்தது. தாரில் ஓடும்போது அந்தப் பல் டயர் ஓயாமல் ஊவென்று ஊளையிடும், அதற்கு அவன் காது பழகியிருந்தது. ரோடு தண்ணீருக்குள் இறங்கியதும் அந்தச் சத்தம் நின்றது. பிறகு குழாய் மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது. அவன் காதுக்குப் பக்கத்தில், யாரோ தூங்குகிறவர் மாதிரி, நிதானமாக.

எதிரே ரோடு எந்தப் பக்கம் போகிறதென்று தெரியவில்லை. ஓரத்தில் நட்டிருக்கும் கல்லும் முழுகிவிட்டது. மெல்வின் பிரேக்கை மிதித்தான்.

அப்போது முன்னால் ஒருவன் நடந்தான்.

எங்கிருந்து வந்தான் என்று சொல்ல முடியாது. பானெட்டுக்குப் பத்தடி முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. சுருட்டிய பேண்ட். இடது கையில் செருப்பு. வலது கை மேலே போனது. இரண்டு விரல் முன்னால் அசைந்தது.

"டாடி, கிளைட்டன் மாமா" என்றாள் ரீனா. அவள் குரலில் பயமே இல்லை. "வரலாம்னு காட்டுதாரு."

மெல்வின் அலறியிருக்க வேண்டும், வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வருஷமாக எங்கோ போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்ததுபோல, வெட்கக்கேடாக, அவனுக்கு ஆறுதலாக இருந்தது. வழி காட்ட ஆள் வந்துவிட்டது. அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

"நீங்கதான மாமாவ எறங்கச் சொன்னீங்க" என்றாள் ரீனா, அதே குரலில்.

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றான். ஒரு வருஷத்தில் அவன் சொன்ன ஒரே உண்மை அது. அதைச் சொன்ன பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. வண்டி போய்க்கொண்டிருந்தது.

கிளைட்டனின் முழங்காலை அவன் பார்த்தபடி ஓட்டினான். முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடலாம். அதுதான் பேச்சு. தண்ணீர் முழங்காலில்தான் இருந்தது. சுருட்டிய பேண்ட் விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே. நல்லது. பத்தடி போனார்கள். முழங்கால்தான். ஐம்பதடி. முழங்கால்தான். உப்புக் குவியல்கள் பின்னால் போய்விட்டன. எதிரே ஊரும் தெரியவில்லை, கோயில் கோபுரமும் தெரியவில்லை. தண்ணீர் லேசாக ஏறி இறங்கியது. உப்பளத்துத் தண்ணீருக்கு அலை கிடையாது.

காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தான். காலடி ரப்பர் விரிப்பு மிதந்துகொண்டிருந்தது.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். கதவின் கைப்பிடியைக் காணோம். தண்ணீர் ஜன்னல் கண்ணாடியில் பாதிக்கு நின்றது. பச்சையாக. அதற்குள் வெளிச்சம் கலங்கியது.

முன்னால் பார்த்தான். பானெட் இல்லை. தண்ணீர்தான். தண்ணீருக்கு மேலே குழாய் மூச்சு இழுத்தது.

கிளைட்டனுக்கு முழங்கால்.

சுருட்டிய பேண்ட் காய்ந்திருந்தது. கடைசி வரை காய்ந்தே இருந்தது.

திரும்ப வேண்டும். திரும்ப வேண்டும். கை கியருக்குப் போனது. ரிவர்ஸ் விழுந்தது. பின்னால் பார்க்கக் கழுத்தைத் திருப்பினான்.

பின்சீட்டில் பெல்ட் போட்டபடி இருந்தது. பக்கிள் பூட்டியபடி. ஜன்னல் ஏற்றியபடி. கதவு பூட்டியபடி.

சீட் காலி.

"ரீனா" என்றான். சத்தம் வந்ததா தெரியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. ரிவர்ஸில் கிடந்த வண்டி முன்னால்தான் போனது. ஒரு துளிகூடத் தடுமாறாமல் போனது. தங்கப்பாண்டி நல்ல வேலைக்காரன், என்ஜின் இருமக்கூட இல்லை.

மெல்வின் மெதுவாக முன்பக்கம் திரும்பினான்.

இப்போது இரண்டு பேர் நடந்தார்கள். கிளைட்டனின் இடது கையில் அவன் செருப்போடு சேர்ந்து ஒரு ஜோடி சின்ன ஷூவும் தொங்கியது. அவன் பக்கத்தில் ரீனா, வெள்ளைக் கவுனை ஒரு கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனாள். தண்ணீர் அவளுக்கும் முழங்கால்தான். கவுனின் ஓரம்கூட நனையவில்லை. முன்கண்ணாடியின் உச்சிக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் அவள் ஒருமுறை திரும்பி, மற்றக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, வரலாம் டாடி என்று இரண்டு விரலை அசைத்தாள்.