இரண்டிரண்டாய் வாங்கியவை

கவிழ்த்து வைத்திருந்த இரண்டு தட்டுகளுள், அவள் உண்ணாத தட்டு ஈரமாக இருந்தது.

காலையில் ஒன்றில் மட்டுமே உண்டாள்; அதையும் கழுவி, துடைத்து, உலரவிட்டாயிற்று. மற்றதன் அடியில் கடையில் ஒட்டிய தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. ஆயினும் அதன் விளிம்பில் ஒரு துளி நீர் திரண்டு, சற்றே தயங்கி, அலமாரிப் பலகையின்மீது விழுந்தது. குழாயிலிருந்து தெறித்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு துடைத்து வைத்தாள். அலமாரிக்கும் குழாய்க்கும் இடையே ஒரு சுவர் முழுவதும் இருந்ததை அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

அயல்நாட்டில் நெடுங்காலம் குடித்தனம் நடத்தியவள், கணவரை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டுத் தனியே திரும்பி வந்து, இந்த மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தாள். வெறும் வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்க அவளைக் கடைக்கு அழைத்துச் சென்றவள் நாத்தனார்.

"தட்டு ரெண்டு, டம்ளர் ரெண்டு, துண்டு ரெண்டு, தலையணை ரெண்டு… யாரு அண்ணி வரப்போறா? நானா? எனக்கு அரை டம்ளர் காபி குடுக்கவே உங்களுக்கு மனசு வராதே!"

அப்போதுதான் அவள் தள்ளுவண்டிக்குள் குனிந்து பார்த்தாள். அயல்நாட்டில் வண்டியைத் தள்ளுவது கணவர் வேலை. எடுத்துப் போடுவது இவள் வேலை. உங்களுக்கொன்று, எனக்கொன்று என்று போட்டுப் போட்டுப் பழகிய கை, கேட்காமலே போட்டிருந்தது. ஒவ்வொன்றாய்த் திரும்ப வைக்கப் போனவளை நாத்தனார் தடுத்தாள். கேலி செய்த வாய் கோணிப்போயிருந்தது.

"இருக்கட்டும் அண்ணி. வைக்க வேணாம்." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவுக்குப் போடும் சங்கிலி ஒன்றைத் தானே எடுத்துப் போட்டாள். "இது மட்டும் ஒண்ணு போதும். தனியா இருக்கீங்க. பொழுது சாஞ்சா மாட்டிக்கங்க."

பைகளோடு படியேறும்போது, "இந்தப் படியை அண்ணன் பார்த்திருந்தா, வீடும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு கீழயே படுத்திருப்பான்," என்றாள். இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு பாதிப் படியிலேயே நின்றுபோயிற்று.

இளமையில் கீழே விழுந்ததில் அவருக்கு வலக்கால் குறுகிப்போயிருந்தது. இடக்கால் 'தொம்' என்று ஊன்றும். வலக்கால் தரையை உரசிக்கொண்டு பின்னே வரும். எந்த மாடியானாலும், "நீ முன்னால போய்க் கதவைத் திற. நான் மெதுவா வந்துடறேன்," என்பார். மருத்துவமனையில் நினைவு தப்புவதற்குமுன், அவள் கையைப் பற்றியபடி அவர் கடைசியாகச் சொன்னதும் அதுவே.

தட்டுக்குப் பின் துண்டு. கொடியில் அவள் தொடாத துண்டு, பிழிந்து உதறிய ஈரத்தோடு கிடந்தது. பிறகு டம்ளரின் அடியில் ஒரு மிடறு நீர். பிறகு, ஒரு விடியலில், பக்கத்துத் தலையணையில் ஒரு பள்ளம். அதன்மேல் கையை வைத்தவள், உறையினூடே ஏறிய வெதுவெதுப்பை உணர்ந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அறையில் புதுத் துணியின் கஞ்சி வாடையும், அதற்கடியில், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தாற்போன்ற ஒரு பழைய வாடையும் இருந்தன.

ஆனால் அச்சம் நெடுநாள் அச்சமாகவே இருப்பதில்லை. வந்துடறேன் என்று சொன்னவரல்லவா? சொன்ன சொல் தவறியவரா அவர்?

"வந்துட்டீங்களா?" என்று வெற்றறையைப் பார்த்துக் கேட்டாள்.

அடுக்களையில் டம்ளர் ஒன்று மெல்ல வைக்கப்பட்டது. அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, வயிறு நோக அழுதாள். கணவர் இறந்தபின் அவள் நன்றாக உறங்கியது அன்றுதான். அன்றுமுதல் சங்கிலியையும் மாட்டவில்லை.

மறுநாள் செருப்புக் கடைக்குப் போனாள்.

"யாருக்கும்மா?" என்றாள் கடைக்காரி.

"வீட்டுக்காரருக்கு."

"அளவு சரியில்லைன்னா அவரையே ஒரு தரம் கூட்டிட்டு வாங்க."

"மாடி ஏறி வந்த களைப்பு. இப்போதைக்கு இறங்க மாட்டாரு."

சொன்னபோது அவள் முகத்தில் புதுப்பெண்ணின் நாணம் படர்ந்தது.

செருப்புகள் கட்டிலடியில் இடம்பெற்றன. அவள் குளிக்கையில், குழாய்நீர் இரைச்சலினூடே, அவை கூடத்தில் நடமாடும் ஓசை கேட்கும். செவி கூர்ந்தால் நின்றுவிடும். கூச்சப்படுகிறார் என்று எண்ணிக்கொள்வாள். தேடித் தேடி அவருக்குப் பிடித்தவற்றையே சமைத்தாள். நாத்தனார் தொலைபேசியில், "குரல்ல தெம்பு வந்திருக்கே அண்ணி!" என்றதற்கு, "துணை இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

அன்று அந்தி. விளக்கேற்றுமுன் மேசையில் இரண்டு தட்டுகளிலும் பரிமாறினாள்.

"வாங்க. சாப்பாடு ஆறுது."

கட்டிலுக்கடியில் செருப்பு உள்ளே தள்ளிப்போயிருக்கும், குனிய இயலாமல் தவிக்கிறாரோ என்று படுக்கையறைக்குள் சென்றாள். இழுத்து எடுத்தாள். பல ஆண்டு போட்டு நடந்தவைபோல் அடி தேய்ந்திருந்தது. வாஞ்சையோடு திருப்பிப் பார்த்தாள்.

அயல்நாட்டில் இருந்தபோது, எந்தச் செருப்பானாலும் அவருடைய வலது செருப்பு விளிம்போரம் சரிவாகத் தேய்ந்து, ஓட்டை விழுந்துதான் குப்பைக்குப் போகும். இடது செருப்பில் குதிகால் மட்டுமே மழுங்கும்.

இவை இரண்டும் சமமாகத் தேய்ந்திருந்தன.

ஓசைப்படாமல் கீழே வைத்தாள். கூடத்துக்கு வந்தாள். வாயிற்கதவு எதிரிலேயே இருந்தது. கால்கள் நாற்காலிவரைதான் வந்தன. உட்கார்ந்தாள்.

பின்னால், கட்டிலடியில், செருப்புகள் தரையில் உராய்ந்தன. யாரோ மாட்டிக்கொள்ளும் ஓசை.

ஓரடி. மற்றோரடி. ஒரே அளவு. ஒரே கனம். தாங்கல் இல்லை. உரசல் இல்லை.

அவள் திரும்பவில்லை. அந்தப் பழைய வாடை பிடரியில் வந்து நின்றது.

அப்போது கீழே, மாடிப்படியில், தொம்.

ஓர் உரசல்.

தொம். உரசல். நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் தொம். அவ்வளவு தொலைவு வந்த கால். எவ்வளவு மெதுவாக!

வாசலில் நின்றது. கதவில் ஓர் உள்ளங்கை படிந்தது.

"வந்துட்டேன். கதவைத் திற."

அதே குரல். எழ முயன்றாள். தோளில் ஏதோ கனத்தது, எழ முடியவில்லை. கூப்பிட வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது.

சம அடிகள் அவளைக் கடந்து கதவுக்குச் சென்றன. மங்கிய ஒளியில் செருப்புகளை மட்டும் கண்டாள், அவற்றுக்குமேல் இருள். சங்கிலி உயர்ந்தது. கதவில் அதை மாட்டும் பள்ளத்தில் மெல்லப் பொருந்தியது.

"என்னம்மா? நான்தான்."

பிறகு தொம் என்று ஓர் அடி, ஓர் உரசல், படிப்படியாக, இன்னும் மெதுவாக, கீழே.

எதிர் நாற்காலி பின்னால் இழுபட்டது. ஆறிப்போன உணவோடு அவளுடைய தட்டு, மேசைமேல், அவளை நோக்கி அன்பாக நகர்த்தப்பட்டது.