லாக்கரில் தூங்கிய லேசர்!

"அம்மா... மேல யாரோ நடக்கறாங்க!"

டெஸ்ஸாவின் குரல் நடுங்கியது.

சனிக்கிழமை மதியம். சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊரையே உலுக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது. அமெரிக்காவின் ஒஹாயோவில் சங்கு ஊதினால் எல்லோரும் செய்வதைத்தான் க்ரோல் குடும்பமும் செய்திருந்தது. வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறைக்குள் இறங்கி, மேல்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தது.

டெல்பர்ட் க்ரோல். டயர் கடைக்காரர். ஐம்பத்தெட்டு வயது, அதைவிடப் பெரிய தொப்பை. அவர் மனைவி லோர்னா. மகள் டெஸ்ஸா. அவள் மடியில் மூன்று மாதப் பேத்தி.

வீட்டில் இருப்பதே இந்த நாலு பேர்தான். நாலு பேரும் கீழே!

அப்படியானால் மேலே...?

டக்... டக்... டக்...

"காத்தா இருக்கும்" என்றார் டெல்பர்ட்.

"காத்து பூட்ஸ் போட்டுக்கிட்டா நடக்கும்?" லோர்னா பல்லைக் கடித்தாள்.

"அப்பா... உங்க துப்பாக்கி எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்கப்பா?"

டெல்பர்ட் குரலைத் தாழ்த்தினார்.

"மேல. பெட்ரூம்ல. லாக்கருக்குள்ள."

கதாநாயகன் கையில் துப்பாக்கி இல்லாமல் க்ரைம் கதை சொல்ல எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய? எங்கள் ஊரில் அகப்பட்ட கதாநாயகன் இவர்தான்!

அந்தத் துப்பாக்கி வந்த கதையைக் கேளுங்கள்.

ஊரில் மூன்று வீடுகளில் திருட்டு. 'டிவி போச்சு... டிவி போச்சு...' என்று மூன்று வீட்டுக்காரர்களும் புலம்பினார்கள். பேத்தி வேறு வந்திருக்கிறாள். டெல்பர்ட்டுக்கு வீரம் பொங்கிவிட்டது. லோர்னாவையும் இழுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனார்.

கடை முதலாளி வாண்டா, டெல்பர்ட்டோடு பள்ளியில் படித்தவள். பின்னணி விசாரணை முடிந்து பிஸ்டல் கைக்கு வந்ததுமே ஆரம்பித்துவிட்டார் மனுஷன்.

"வாண்டா! ஒரு சைலன்சர் குடு."

"சட்டப்படி வாங்கலாம்யா. ஆனா மத்திய சர்க்காருக்கு மனு போடணும், கைரேகை குடுக்கணும், பதில் வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும். எதுக்கு உனக்கு?"

"சுடற சத்தத்துல பேத்தி முழிச்சுக்குவாளே!"

"சைலன்சர் போட்டாலும் காது அடைக்கும். அடுத்தது சொல்லு."

"தோட்டா. இதோ, இந்த உருண்டை மூக்கு. மலிவா இருக்கு."

"அது பழகறதுக்கு. உங்க வீட்டுச் சுவர் என்ன?"

"ஜிப்சம் பலகை."

"வீட்டுக்குள்ள இதைச் சுட்டா, திருடனையும் துளைச்சு, பலகையையும் துளைச்சு, அடுத்த ரூமுக்குப் போயிடும்."

லோர்னாவின் முகம் வெளுத்தது.

"அடுத்த ரூம்லதான்... தொட்டில் இருக்கு."

டெல்பர்ட் அந்தத் தோட்டாப் பெட்டியைச் சத்தமில்லாமல் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"மூக்குல குழி இருக்கற தோட்டா எடுத்துக்க" என்றாள் வாண்டா, குரலைத் தணித்து. "பட்ட எடத்துல விரிஞ்சு நிக்கும். ஆனா குறி தப்பினா இதுவும் சுவரைத் துளைக்கும். அதனால எதிர்ல யாருன்னு பாக்காம விரலை அசைக்காதே."

"பாக்கறதுக்குத் துப்பாக்கிலயே ஒரு விளக்கு மாட்டிக்கறேன்!"

"மாட்டிக்க. ஆனா பாத்ரூம் போற பொண்டாட்டி மேல வெளிச்சம் அடிச்சேன்னா, துப்பாக்கிக் குழலும் அவளைத்தான் பாக்கும்."

அடுத்த நொடி லோர்னா அலமாரியிலிருந்து ஒரு கைடார்ச்சை உருவினாள். கண்ணைப் பறிக்கும் ரகம்! கூடவே கைரேகை வைத்தால் திறக்கும் ஒரு இரும்பு லாக்கர். நல்ல கனம்.

"நாலு போல்ட் போட்டுத் தரையோட முடுக்கணும். இல்லைன்னா திருடன் அலுங்காம தூக்கிட்டுப் போயிடுவான்" என்றாள் வாண்டா.

"நாளைக்கே மாட்டிடறேன்!"

டெல்பர்ட்டின் நாளை என்பது போன வருஷம் ஒழுகிய கூரைக்கே இன்னும் வரவில்லை.

ஆனால் துப்பாக்கியில் மாட்டிக் குறிபார்க்கும் சிவப்பு லேசரை மட்டும் விடவில்லை. அடம்பிடித்து வாங்கி, கடையிலேயே மாட்டி, சுவரில் புள்ளி வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே வந்தால், வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு மடக்கு மேஜை. வெள்ளைத் தாடியும் பேண்ட்டைத் தூக்கிப் பிடிக்கும் தோள்பட்டியுமாக எல்வுட் தாத்தா. வாசலில் மாட்டும் அறிவிப்புப் பலகை விற்பவர்.

"தலைவரே! இதை மாட்டினா எந்தத் திருடனும் கிட்ட வர மாட்டான்!"

பலகையில் பிஸ்டல் படம். கீழே: 'இந்த வீட்டில் நாய் இல்லை. இதுதான் இருக்கிறது!'

டெல்பர்ட் சொக்கிப் போனார். சிரிக்காதீர்கள், என் வீட்டு வாசலிலும் ஒன்று தொங்குகிறது.

மறுநாளே எல்வுட் வீட்டுக்கு வந்து பலகையை மாட்டிக் கொடுத்தார். லோர்னா போட்ட காபியையும் குடித்தார்.

"பின்கதவுப் பூட்டு லொடலொடன்னு ஆடுதே தலைவரே?"

"நாளைக்கு மாத்திடுவேன்."

"சனிக்கிழமையானா எங்க போவீங்க?"

"மதியம் பௌலிங்! குடும்பத்தோட பந்து உருட்டப் போயிடுவோம்!"

சரி... நிலவறைக்குத் திரும்புவோம்.

புயலால் இன்று பௌலிங் ரத்து. ஆலங்கட்டிக்குப் பயந்து வண்டி ஷெட்டுக்குள். வெளியிலிருந்து பார்த்தால் ஆளில்லாத வீடு.

மேலே ஏதோ கனமான பொருளை இழுக்கும் சத்தம். தர்ர்ர்ர்...

"லாக்கர்!" லோர்னா மூச்சைப் பிடித்தாள். "போல்ட் மாட்டு, போல்ட் மாட்டுன்னு வாரம் பூரா கத்தினேனே!"

"அப்போ... துப்பாக்கி இப்ப அவன் கையிலயா?"

டெஸ்ஸா குழந்தையை மார்போடு அணைத்தாள். அதுதான் தப்பு. தூக்கம் கலைந்தது.

"ங்ஙாஆஆ...!"

மேலே காலடி நின்றது.

ஒரு நொடி...

பிறகு தடதடவென்று நிலவறைக் கதவை நோக்கி ஓடி வந்தது!

டெல்பர்ட் எழுந்தார். படியில் ஏறினார். கையில் துப்பாக்கி இல்லை. லேசர் இல்லை. ஒரு செருப்புகூட இல்லை.

"டெல்பர்ட்! வேணாம்!"

"அவன் பாப்பாகிட்ட வரணும்னா... இந்தத் தொப்பையைத் தாண்டித்தான் வரணும்!"

சொல்லும்போது அழுதுவிட்டார். உண்மையாகவே செத்துப்போகத் தயாராகத்தான் இருந்தார்.

கதவு படாரென்று திறந்தது!

இருட்டில் ஒரு உருவம். இரண்டு கையிலும் லாக்கர்.

கீழிருந்து லோர்னா, பேத்தி தூங்கட்டும் என்று அணைத்து வைத்திருந்த கைடார்ச்சை அழுத்தினாள். பளீர்!

"ஐயோ கண்ணு!"

உருவம் ஒரு அடி எடுத்து வைத்தது. அங்கே தரை இல்லை, படி!

"வீஈஈல்...!"

டெல்பர்ட் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டார். உருவம் அவரைத் தாண்டி உருண்டது. பின்னாலேயே லாக்கர்... தட்... தட்... தட்... மளுக்!

உருவத்தின் முழங்காலுக்குக் கீழே சரியாக இறங்கியது.

"என்ன ஒரு அலறல் அலறினான் திருடன்!" என்றார் டெல்பர்ட்.

"அலறினது நீங்கதான்ப்பா" என்றாள் டெஸ்ஸா.

லோர்னா டார்ச்சைத் தரையில் கிடந்தவன் முகத்தில் அடித்தாள்.

வெள்ளைத் தாடி. தோள்பட்டி.

எல்வுட் தாத்தா!

"பி... பின்வாசல்னு நெனச்சு இந்தக் கதவைத் தொறந்துட்டேன் தலைவரே..." முனகினார் தாத்தா. "ஓடிடலாம்னுதான்..."

புயல் ஓய்ந்ததும் போலீஸ் அதிகாரி ரெனே வந்தாள். லாக்கரைப் பார்த்தாள். பூட்டு திறக்கவே இல்லை.

"அந்த மூணு வீட்லயும் போனது டிவி இல்ல சார். துப்பாக்கி. ஊருக்குத் தெரிஞ்சா மானம் போகும்னு டிவின்னு சொல்லிக்கிட்டாங்க. மூணு வாசல்லயும் இதே பலகை. துப்பாக்கி எங்க இருக்குன்னு தேடவே வேணாம், நீங்களே எழுதி மாட்டிடறீங்க!"

டெல்பர்ட் தலையைச் சொறிந்தார். நானும்தான்.

"ஆமா... எந்தத் தோட்டாவால இவரை விழ வெச்சீங்க?" என்றாள் ரெனே.

"தோட்டாவே செலவாகல" என்றார் டெல்பர்ட், தொப்பையை நிமிர்த்தி. "எல்லாம் திட்டம்! போல்ட் மாட்டியிருந்தா அவனால லாக்கரைத் தூக்கியிருக்க முடியுமா? தூக்காம விழுந்திருப்பானா? அதான் நான் மாட்டல!"

லோர்னா பேத்தியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றி, பின்புறம் திருப்பி, பெரிய எழுத்தில் ஏதோ எழுதி மறுபடி மாட்டினாள்.

டெல்பர்ட் எட்டிப் பார்த்தார்.

'இந்த வீட்டில் துப்பாக்கி இல்லை. உலக மகா சோம்பேறி ஒருவர் இருக்கிறார். திருடர்கள் படியில் பார்த்து இறங்கவும்!'